நடு சீட்டில் பல் டாக்டர்

போன வாரம் மூன்று பேரையும் விமானத்தின் வாசல் வரை கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம். உள்ளே போவதற்கு முன்னால், நடுவில் ஒரு வாரம் தவறவிட்டவர்களுக்காக இரண்டு வார்த்தை.

லாண்டரி நடத்தும் மாமியாரும், லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்க்கும் மருமகளும் நேருக்கு நேர் பேசி மூன்று வருஷம் ஆகிறது. ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைக் கோட்டில் கிரீஸ் கறை. அவ்வளவுதான் விஷயம். "லிஃப்டைத் தொட்ட கையால என் துணியைத் தொடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று கடை நிறைய ஆள் நிற்கும்போது மாமியார் கேட்டுவிட்டார். "இனிமே உங்க துணியையும் தொடல, உங்ககிட்ட பேசவும் இல்ல" என்று மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். சொன்னால் சொன்னதுதான் என்பதில் இரண்டு பேருக்கும் பத்துப் பொருத்தம்.

ஆனால் ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை. பேசாமல் எப்படிக் காலம் தள்ளுவது? நடுவில் மகன் இருந்தானே, அவன் எதற்கு? "உப்பு போதுமான்னு கேளு" என்பார் மாமியார். "போதும்னு சொல்லுங்க" என்பாள் மருமகள். இரண்டு பேர் காதிலும் எல்லாம் விழும். இருந்தாலும் அவன் வாய் வழியாக வந்தால்தான் சேதி. கடையில் துணி டெலிவரி கொடுக்கிற அவனுக்கு வீட்டிலும் அதே வேலை ஆகிப்போனதால், 'தபால்' என்ற பேரே நிலைத்துவிட்டது.

இன்றைக்கு மருமகள் ஒரு முடிவோடுதான் விமானம் ஏறியிருந்தாள். வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லிஃப்டுகள் அத்தனைக்கும் பொறுப்பாக அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். அங்கேயே வீடும் பார்த்தாகிவிட்டது. மாமியாருக்கோ இது மகள் குடிபோயிருக்கும் புது ஃப்ளாட்டைப் பார்க்கப் போகும் நாலு நாள் பயணம். "அம்மாகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன்" என்று தபால் ஒரு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தான். இறங்கி வெளியே போனால் வாசலில் புது முதலாளியம்மா வீட்டுச் சாவியோடு நிற்பார். யாரோ ஒருத்தர் வாயிலிருந்து மாமியார் அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. சக்கரம் தரையைத் தொடுவதற்குள் சொல்லியாக வேண்டும்.

மாமியாருக்கு ஜன்னல் சீட். மருமகளுக்கு ஓரத்து சீட். நடுவில், வேறு யார், தபால்.

முதல் ரகளை தலைக்கு மேலே இருந்த பெட்டியில் ஆரம்பித்தது. மகள் வீட்டுக்கென்று இஸ்திரி போட்டுக் கட்டிய திரைச்சீலைகளை மாமியார் தட்டையாக வைத்திருந்தார். யாரோ ஒரு ஆள் சக்கரம் வைத்த பெட்டியை அதன்மேலேயே திணிக்கப் பார்த்தான்.

"அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு பாத்தியா தம்பி? மடிப்பு கலைஞ்சா நீயா வந்து தேய்ச்சுக் குடுப்பே?"

மருமகள் எழுந்தாள். அந்தப் பெட்டியைப் பக்கவாட்டில் நிறுத்தி, திரைச்சீலைக் கட்டை அதன்மேல் அலுங்காமல் வைத்து மூடினாள். மாமியார் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் தபால் வேண்டும், அந்த நேரம் பார்த்து அவன் யாருக்கோ பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"யாராவது முன்னாடி சீட்டு மாத்திக் குடுத்தா புண்ணியமாப் போகும் சார்" என்று ஒரு பருத்த மனிதர் நடைபாதையில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார். "கடைசி வரிசையில மாட்டிக்கிட்டேன். இறங்கினதும் அடுத்த ஃப்ளைட்டைப் பிடிக்கணும். ஓடினாத்தான் உண்டு."

அவர் முடிப்பதற்குள் தபால் எழுந்துவிட்டான். "என் சீட்டை எடுத்துக்கோங்க சார்!"

"உக்காருங்க" என்றாள் மருமகள் அடிக்குரலில்.

"பாவம்மா. அவர் ஃப்ளைட்டை விட்டுடுவார். ஒரு மனிதாபிமானம் வேணாமா?"

"நடு சீட்டுல உக்காந்தா இன்னிக்கு வாயைத் திறந்தாகணும். உங்க மனிதாபிமானம் அதுதானே?"

"வந்து பேசிக்கறேன். சத்தியமா." பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் பின்பக்கம் நழுவினான். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா!" என்று பக்கத்து வரிசைப் பெரியவர் மெச்சினார். மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வந்து உட்கார்ந்த மனிதர் பல் டாக்டர். நாள் முழுக்கத் திறந்த வாயோடு கிடப்பவர்களிடம் பேசிப் பழகியவர், பதில் வராவிட்டாலும் அவர் பேச்சு நிற்காது. இரண்டு பக்கத்துக் கைப்பிடியையும் தன் முழங்கைக்கு எழுதி வாங்கியதுபோல் எடுத்துக்கொண்டார். ஷூவைக் கழற்றினார். காலை நீட்டினார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்தவங்களா?"

"ஆமா" என்றார் மாமியார். "இல்ல" என்றாள் மருமகள்.

டாக்டர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "வேணும்னா நீங்க நடுவுல வந்துடுங்க மேடம். நான் ஓரத்துக்குப் போயிடறேன். பேசிக்கிட்டே போகலாமே?"

"வேண்டாம்!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். மூன்று வருஷத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

விமானம் மேலே ஏறி நிதானமானதும் மாமியார் மூக்கை உறிஞ்சினார். "தம்பி, அந்த சாக்ஸ் துவைச்சு எத்தனை நாளாச்சு?"

"நேத்துதாம்மா…"

"நான் லாண்டரி வெச்சிருக்கேன். என்கிட்டயேவா?"

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. குனிந்து ஷூவை மாட்டிக்கொண்டார். மருமகள் நடைபாதைப் பக்கம் திரும்பி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரித்துவிட்டால் அது சமாதானம் ஆகிவிடுமே!

கொஞ்ச நேரத்தில் மாமியாருக்குப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. ஜன்னல் சீட்டிலிருந்து வெளியே வர இரண்டு பேரும் எழுந்தாக வேண்டும்.

"தம்பி, அவளை எந்திரிக்கச் சொல்லுங்க."

"அவங்களுக்கே கேட்டிருக்குமேம்மா?"

"கேட்டிருக்கும். நீங்க சொல்லுங்க."

டாக்டர் திரும்பினார். "மேடம், எந்திரிக்கணுமாம்."

"எந்திரிக்கறேன்னு சொல்லுங்க."

"எந்திரிக்கறாங்களாம்மா."

மாமியார் போனதும் டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "என்ன மேடம் இது?"

"எங்க வீட்டு வழக்கம் சார். வழக்கமா இதைப் பண்றவர்தான் உங்களுக்கு சீட்டைக் குடுத்துட்டுப் போயிட்டார்."

"அடப்பாவி!" என்றார் டாக்டர், மனசாரவே.

மாமியார் திரும்பி வந்து அமர்ந்தார். பெல்ட்டை மாட்டிக்கொண்டே, "அவன் போர்வையைப் போத்திக்கிட்டுத் தூங்கறான்னு சொல்லுங்க" என்றார்.

"வாய் திறந்திருக்கா, மூடியிருக்கான்னு கேளுங்க சார்."

"மூடித்தான் இருக்கு."

"அப்ப தூங்கலன்னு சொல்லுங்க."

"அது எனக்கும் தெரியும்னு சொல்லுங்க. நான்தான் பெத்தேன்."

டாக்டருக்கு டென்னிஸ் பார்க்கிறவன் கழுத்தாகிவிட்டது. ஆனாலும் அவருக்குள் ஒரு சுவாரசியம் தட்டியிருந்தது. காதில் மாட்ட எடுத்த ஹெட்ஃபோனைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டார்.

காபி வந்தது. மருமகள் குட்டி மேஜையை இறக்கி ஒரு வாய் குடித்திருப்பாள், முன் சீட்டு ஆசாமி ஒரே தள்ளாகப் பின்னால் சாய்ந்தார். மேஜையின் விளிம்பு அவள் வயிற்றில் இடித்தது, காபி மடியில் கொட்டியது. "அம்மா!" என்றாள், தன்னை அறியாமல்.

"சார், சீட்டைக் கொஞ்சம் நிமித்துங்களேன்."

"சாயறதுக்குத்தானே பட்டன் வெச்சிருக்கான்? காசு குடுத்துத்தான் உக்காந்திருக்கேன்" என்றார் ஆசாமி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அடுத்து நடந்ததை மருமகள் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. டாக்டரின் வயிற்றின் குறுக்கே மாமியார் எட்டி, முன் சீட்டின் தலைப்பக்கத்தில் கதவைத் தட்டுவதுபோல் தட்டினார்.

"தம்பி, பட்டன் உங்களுதுதான், யார் இல்லன்னா? வயிறு அவளுது. கத்தி வெச்சு மூணு மாசம்தான் ஆகுது. மரியாதையா நிமித்துங்க. இல்லேன்னா இறங்கற வரைக்கும் நான் தட்டிக்கிட்டே இருப்பேன். எனக்கு வேற வேலை இல்ல."

சீட் நிமிர்ந்தது.

மருமகளுக்கு ஆறுதலாக இருக்க வேண்டியதுதானே? இல்லை, நெஞ்சு கொதித்தது. மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்தது தொண்டை வரை வந்துவிட்டது.

"டாக்டர், இப்பதான் என் வயிறு ஞாபகம் வந்துச்சான்னு கேளுங்க. அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தேன். கூட வேலை பாக்கறவங்க அத்தனை பேரும் வந்துட்டுப் போனாங்க. ஒரே வீட்டுல இருக்கறவங்க எட்டிப் பாக்கலன்னு சொல்லுங்க."

தபாலாக இருந்தால் இந்த இடத்தில், "உடம்பு இப்ப தேவலையாம்மா" என்று பூசி மெழுகியிருப்பான். டாக்டருக்கு என்ன தலையெழுத்து? பல்லைப் பிடுங்குகிறவர் அப்படியே பிடுங்கி வைத்தார். "அம்மா, அஞ்சு நாள் கிடந்தாங்களாம். ஊரே வந்துச்சாம். நீங்க எட்டிப் பாக்கலையாம். ரொம்பக் கோபமா சொல்றாங்க. எனக்கே வருத்தமா இருக்கு."

மாமியார் ஜன்னலிலிருந்து திரும்பினார். "எட்டிப் பாக்கலையா? அஞ்சு நாளும் கடையைச் சாத்திட்டு வந்தேன்னு சொல்லுங்க. அந்த வார்டு கதவுகிட்டயே நின்னேன். ஆஸ்பத்திரியில யாரையும் உள்ள விடறதில்லன்னு அவன்தான் சொன்னான். கொண்டுபோன போர்வையை மட்டும் வாங்கிக்கிட்டான்."

"போர்வையாம் மேடம்…" என்று ஆரம்பித்த டாக்டர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பச்சைப் போர்வை! ஆஸ்பத்திரிப் போர்வை உடம்பெல்லாம் குத்துகிறது என்று அவள் புலம்பிய மறுநாளே வந்த போர்வை. நாலு முனையும் உள்ளே போகிற மாதிரி மடித்திருந்தது. அந்த மடிப்பு வீட்டில் ஒருத்தர் கைக்குத்தான் வரும் என்று அப்போதே தோன்றியது. "நான்தான் கடையிலேருந்து பாத்து எடுத்துட்டு வந்தேன். அம்மாவுக்குக் கடையில ஆள் இல்லையாம், வர முடியலையாம்" என்றான் தபால். அவளும் நம்பினாள்.

ஏன் அப்படிச் செய்தான் என்று அவளுக்குப் புரியாமல் இல்லை. இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தால் எதையாவது பேசிவிடுவார்கள், வெடித்துவிடும் என்ற பயம். சண்டை வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சமாதானத்தையும் சேர்த்துத் தடுத்துவிட்டான். இப்படி இன்னும் எத்தனை சேதி அவன் பையிலேயே தங்கிப்போனதோ?

விமானம் இறங்கத் தொடங்குவதாக அறிவித்தார்கள். மேஜையை மடக்கச் சொல்லி, ஜன்னல் மறைப்பைத் தூக்கச் சொல்லிப் பணிப்பெண் வந்துவிட்டுப் போனாள். கீழே வீடுகள் தெரிய ஆரம்பித்தன. மருமகள் கழுத்தை நீட்டிப் பின்பக்கம் பார்த்தாள். கடைசி வரிசையில் போர்வை அசையவில்லை. அவன் வரப்போவதில்லை.

டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏதாவது சொல்லணுமா மேடம்?"

"வேண்டாம் சார். இதை நானே சொல்லணும்."

மூச்சை இழுத்துக்கொண்டாள். லிஃப்டின் உச்சியில் ஏறி உட்கார்ந்து, கீழே அத்தனை மாடியும் இருட்டாகத் தெரியும்போதுகூட அவள் தயங்கியதில்லை. இப்போது தயங்கினாள். வருவது வரட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"அத்தை."

மாமியாரின் தோள் ஒரு தரம் குலுங்கியது. டாக்டர் சீட்டோடு சீட்டாக ஒட்டிக்கொண்டு இரண்டு பேருக்கும் வழி விட்டார்.

"எனக்கு இந்த ஊர்ல வேலை கிடைச்சிருக்கு அத்தை. திங்கக்கிழமை சேரணும். வீடு பாத்தாச்சு. நான் திரும்பி வரப்போறதில்ல. வெளிய யாரோ சொல்லி நீங்க தெரிஞ்சுக்கக் கூடாது. அதான் சொல்றேன். திட்டறதா இருந்தா நேரா என்னையே திட்டுங்க."

மாமியார் மடியில் கிடந்த கைக்குட்டையை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார்.

"தெரியும்" என்றார். "போன வாரமே சொன்னான். மேல இருக்கிற கட்டுல ரெண்டு ஜோடி திரைச்சீலை இருக்கு. ஒண்ணு உன் நாத்தனாருக்கு. இன்னொண்ணு உனக்கு. ஒத்தை ரூம், ஒத்தை ஜன்னல்னு அவன்தான் அளவு சொன்னான்."

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு, ஏதோ ஒன்று இடித்தது.

"ஒத்தை ரூமா? ரெண்டு ரூம் வீடு அத்தை. மூணு ஜன்னல். அவரும் நானும் சேந்து வந்துதானே பாத்தோம்?"

"உனக்கு ஒத்தை ஆளுக்கு எதுக்கும்மா ரெண்டு ரூம்?"

"ஒத்தை ஆளா?"

"நீ மட்டும்தானே போறே. கடையையும் என்னையும் விட்டுட்டுப் போக மாட்டேன், அம்மாகூடத்தான் இருப்பேன்னு அவன் சொன்னானே."

விமானம் ஒரு குலுக்கலோடு தரையைத் தொட்டது. யாரோ கை தட்டினார்கள். மருமகளுக்கு அது எதுவும் காதில் விழவில்லை.

"நீங்க இருக்கச் சொன்னீங்களா?"

"நான் கேக்கவே இல்ல. டெலிவரிக்கு வேற ஆளைக்கூடப் பாத்து வெச்சிருந்தேன். அவனாத்தான் சொன்னான்."

"என்கூட வரேன்னு என்கிட்டயும் அவராத்தான் சொன்னார்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் மாமியாரின் முன்தலை முழுக்க நரைத்துப்போனதை மருமகள் இப்போதுதான் கிட்டத்தில் பார்த்தாள்.

"சின்னதுலேருந்தே அப்படித்தான்" என்றார் மாமியார். "எல்லார்கிட்டயும் நல்ல பேர் வாங்கணும் அவனுக்கு."

"நாமதானே அத்தை அவரை நடுவுல உக்கார வெச்சோம்."

மாமியார் கைக்குட்டையைப் பிரித்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் கோட்டுக் கறை… அது உன் கைக் கறை இல்ல. நம்ம வாஷிங் மிஷின் கிரீஸ். மறுநாளே தெரிஞ்சுபோச்சு. அவன்கிட்ட சொல்லி அனுப்பினேன்."

"வந்து சேரல அத்தை."

விமானம் இன்னும் நிற்கவேயில்லை, பாதிப் பேர் எழுந்து பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். "உட்காருங்கள், உட்காருங்கள்" என்று பணிப்பெண் ஒலிபெருக்கியில் கெஞ்சினாள். யார் கேட்டார்கள்? ஆச்சரியம் என்னவென்றால், எல்லோரையும் முந்திக்கொண்டு ஓட வேண்டிய பல் டாக்டர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"சார், உங்க ஃப்ளைட்?" என்றாள் மருமகள், கதவு திறந்ததும் வழி விட்டு எழுந்து.

"போகணும்தான்." அரை மனதாக எழுந்து பையை மாட்டினார். "முடிவு தெரியாமப் போறேனே! விட்டுடாதீங்கம்மா ரெண்டு பேரும்." நாலடி போய்த் திரும்பிப் பார்த்தார். பிறகு ஓடினார்.

மருமகள் ஓரத்து சீட்டுக்குத் திரும்பவில்லை. நடு சீட்டில் மாமியாரை ஒட்டி உட்கார்ந்தாள். ஆட்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். முன் சீட்டு ஆசாமி மாமியார் பக்கம் பார்க்காமல் வேகமாக இறங்கினார்.

"முதலாளியம்மா வெளிய காத்துக்கிட்டிருப்பாங்க" என்றாள் மருமகள்.

"காத்திருக்கட்டும். இதை முடிச்சுட்டுத்தான் இறங்கறோம்."

"அவர் வரலேன்னு சொன்னாலும் நான் வேலையில சேருவேன் அத்தை."

"சேராம? கிடைச்ச வேலையை விடுவாங்களா? அவன் என்ன சொன்னாலும் திங்கக்கிழமை நான் கடையைத் திறப்பேன். நீ உன் லிஃப்டைப் பாரு. அவன் எங்கே நிக்கப்போறான்னு அவன்தான் சொல்லணும்."

கடைசி ஆளாகத் தபால் வந்தான். தோளில் பை. நன்றாகத் தூங்கி எழுந்தவன் மாதிரி கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தான். பழக்கதோஷத்தில் நடு சீட்டைப் பார்த்துக் குனிந்தவன், அங்கே மனைவி இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். அவள் தோளும் அம்மாவின் தோளும் உரசிக்கொண்டிருந்தன.

"என்ன… ரெண்டு பேரும்… எல்லாரும் இறங்கியாச்சே. போலாமா?"

"ஓரத்து சீட்டு காலியா இருக்கு. உக்காரு" என்றார் மாமியார்.

அவன் உட்காரவில்லை. முன்பக்கக் கதவருகே பணிப்பெண் இவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும்" என்றாள் மருமகள். குரல் உயரவில்லை. "திங்கக்கிழமையிலேருந்து நீங்க எந்த வீட்டுல இருக்கப்போறீங்க? ஒரே பதில். எங்க ரெண்டு பேருக்கும் சேத்து."

தபாலின் முகம் வெளிறியது. மனைவியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். மூன்று வருஷப் பழக்கத்தில் அம்மாவின் பக்கம் குனிந்தான்.

"அம்மா, அவ என்ன கேக்கறான்னா…"

"எனக்கே கேட்டுச்சுடா" என்றார் அம்மா. "பதில் சொல்லு."